நல்லவன்தான் நல்ல பேச்சாளனா? கிரேக்க, ரோமானியப் பேச்சுக்கலைக்கு ஓர் அறிமுகம்

கி.மு. நான்காம் நூற்றாண்டு ஏதென்ஸில் உங்கள் மேல் யாராவது வழக்குப் போட்டால், நீங்களேதான் எழுந்து நின்று பேசியாக வேண்டும். வக்கீல் வைத்துக்கொள்ளும் வழக்கம் அங்கே இல்லை. உறவினரோ நண்பரோ துணைக்கு நாலு வார்த்தை பேசலாம், அவ்வளவுதான். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் குலுக்கல் முறையில் தேர்வான சாதாரணக் குடிமக்கள்; முப்பது வயதைத் தாண்டிய ஆண்கள். சின்ன வழக்குக்கு 201 பேர், பெரிய வழக்குக்கு 501 பேர், சில சமயம் அதற்கும் மேல். சட்டம் என்ன சொல்கிறது என்று அவர்களுக்கு விளக்கிச் சொல்லும் நீதிபதி கிடையாது.

பேசும் நேரத்தை ஒரு மண்பானை அளந்தது. அடியில் இருக்கும் துளை வழியே தண்ணீர் வடிந்து தீர்ந்தால் பேச்சும் தீர்ந்தது. ஏதென்ஸின் பழைய சந்தைத் திடலில் தோண்டி எடுத்த ஒரு பானை சுமார் 6.4 லிட்டர் கொள்ளும், வடிய ஆறு நிமிடம் ஆகும். வழக்கின் கனத்தைப் பொறுத்து இத்தனை பானை என்று கணக்கு. இரு தரப்பும் பேசி முடித்ததும் அத்தனை பேரும் தங்களுக்குள் கலந்து பேசாமல் நேரே வாக்களிக்கப் போவார்கள். ஒவ்வொருவர் கையிலும் இரண்டு வெண்கல வட்டுகள் இருக்கும். ஒன்றின் நடுத்தண்டு துளை உள்ளது, மற்றது கெட்டி. தண்டின் இரு முனைகளையும் விரலால் மூடிப் பிடித்துப் போட்டுவிட்டால், யார் பக்கம் வாக்குப் போனது என்று அருகில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது.

உயிரும் சொத்தும் மானமும் இப்படிச் சில பானைத் தண்ணீரில் தொங்கிக்கொண்டிருக்கும் ஊரில், பேசத் தெரியாதவன் கதி என்ன? இந்தக் கேள்விதான் மேற்கத்தியப் பேச்சுக்கலையின் தொடக்கம். ‘ரெட்டரிக்’ என்றால் இன்று பலருக்கு வெற்று அலங்காரம், வாய்ச்சவடால் என்றுதான் படுகிறது. அன்று அது பிழைப்புக்கு வேண்டிய வித்தை.

பேச வராதவர்களுக்கு ஒரு வழி இருந்தது: காசு கொடுத்து உரையை எழுதி வாங்கி, மனப்பாடம் செய்து, தன்னுடையது போல ஒப்பிப்பது. அப்படி எழுதித் தந்தவர்களில் கெட்டிக்காரர் லிசியாஸ். அவருடைய அப்பா சிசிலித் தீவின் சிரக்கூஸிலிருந்து ஏதென்ஸுக்கு வந்து குடியேறியவர். யூஃபிலிட்டஸ் என்பவருக்காக லிசியாஸ் எழுதிய உரை இன்றும் கிடைக்கிறது. மனைவியோடு கள்ள உறவு வைத்திருந்தவனை வீட்டிலேயே பிடித்துக் கொன்றவர் இந்த யூஃபிலிட்டஸ். கையும் களவுமாகப் பிடித்தால் கொல்லலாம் என்று சட்டமே இருந்தது. ஆனால், திட்டம் போட்டு வரவழைத்துக் கொன்றார் என்பது எதிர்த்தரப்பின் குற்றச்சாட்டு.

லிசியாஸ் சட்டத்திலிருந்து தொடங்கவில்லை, வீட்டைக் காட்டுகிறார். சின்ன வீடு, மாடியும் கீழ்த்தளமும் ஒரே அளவு. பெண்கள் மாடியில், ஆண்கள் கீழே. குழந்தை பிறந்ததும், அதைக் குளிப்பாட்ட மனைவி ராத்திரியில் படியிறங்கிச் சிரமப்பட வேண்டாமே என்று கணவன் மாடிக்குப் போகிறார், மனைவி கீழே வருகிறாள். ஒருநாள் அவர் எதிர்பாராமல் வயலிலிருந்து திரும்புகிறார். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கீழே குழந்தை அழுகிறது. “போய்ப் பால் கொடு” என்கிறார். “நான் போனதும் வேலைக்காரப் பெண்ணிடம் வம்பு செய்யவா?” என்று கேலி செய்துவிட்டு மனைவி எழுந்து போகிறாள், விளையாட்டுப் போலக் கதவைப் பூட்டிச் சாவியையும் எடுத்துக்கொண்டு. அவர் ஒன்றும் நினைக்காமல் தூங்கிவிடுகிறார். ராத்திரி கதவு கிறீச்சிட்டதே என்று காலையில் கேட்டால், விளக்கு அணைந்துவிட்டது, பக்கத்து வீட்டில் ஏற்றி வந்தேன் என்கிறாள். அவள் முகத்தில் பூச்சு. அவளுடைய சகோதரன் செத்து இன்னும் முப்பது நாள் ஆகவில்லை. அதையும் அவர் கேட்கவில்லை.

இதைக் கேட்கும் ஆட்களுக்கு என்ன தோன்றும்? ‘இவ்வளவு வெள்ளந்தியான மனுஷனா சதித்திட்டம் போட்டிருப்பான்?’ நான் சதி செய்யவில்லை என்று வெறுமனே மறுத்திருந்தால் யார் நம்பியிருப்பார்கள்? ஒரு பூட்டிய கதவும் முகப்பூச்சும் அந்த வேலையைச் செய்துவிட்டன. வாதம் என்றே தெரியாத வாதம். லிசியாஸின் திறமை முழுக்க இதில் இருக்கிறது.

பேச்சைப் பாடமாகச் சொல்லிக்கொடுக்கும் வேலை சிசிலியில் தொடங்கியது என்பது பழங்காலத்தவர் சொன்ன மரபுக் கதை. சிரக்கூஸில் கொடுங்கோலர் ஆட்சி கவிழ்ந்தபோது, பறிபோன நிலத்தைத் திரும்பக் கேட்டு வழக்குகள் குவிந்தனவாம். கோராக்ஸ், டிசியாஸ் என்ற இருவர் பேசும் முறையை வகுத்தார்களாம். கட்டணத் தகராறில் இந்தக் குருவும் சீடனும் மோதிய கதையும் உண்டு. “வழக்கில் ஜெயித்தால் தீர்ப்புப்படி பணம் தர வேண்டாம், தோற்றால் நீர் எனக்கு ஒழுங்காகச் சொல்லித்தரவில்லை என்றாகிறது, அப்போதும் தர வேண்டாம்” என்றானாம் சீடன். குரு அதையே அப்படியே திருப்பிப் போட்டாராம். கோராக்ஸ் என்றால் காக்கை. “கெட்ட காக்கைக்குக் கெட்ட முட்டை” என்று இருவரையும் விரட்டிவிட்டார்களாம். நடந்ததோ இல்லையோ, இந்தக் கலையைப் பற்றி ஊரார் என்ன நினைத்தார்கள் என்பதற்கு இந்தக் கதையே சாட்சி.

கி.மு. 427-இல் சிசிலியின் லியோன்டினி நகரத் தூதராக ஏதென்ஸுக்கு வந்த கோர்கியாஸ், எதுகையும் சமநிறையான அடிகளுமாகப் பேசிச் சபையைக் கிறங்கடித்தார். அப்புறம் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் கட்டணம் கட்டிப் பேச்சுப் படிப்பது பெரிய தொழிலாகவே வளர்ந்தது.

இதைத் துளியும் சகிக்காதவர் பிளேட்டோ. அதற்குச் சொந்தக் காரணமும் இருந்தது. கி.மு. 399-இல் அவருடைய ஆசான் சாக்ரடீஸுக்கு மரண தண்டனை விதித்தது இதே மாதிரி ஒரு நடுவர் கூட்டம்தான். கோர்கியாஸின் பெயரையே தலைப்பாக வைத்து அவர் எழுதிய உரையாடலில் சாக்ரடீஸ் சொல்கிறார்: பேச்சு ஒரு கலையே அல்ல, சமையல் போல நாக்கைக் குஷிப்படுத்தும் கைப்பழக்கம். மருத்துவரும் சமையல்காரரும் குழந்தைகள் முன்னால் போட்டி போட்டால் என்ன ஆகும்? ‘இவர் உங்களை அறுக்கிறார், சுடுகிறார், கசப்பு மருந்து கொடுக்கிறார், நானோ தின்பண்டம் தருகிறேன்’ என்று சமையல்காரர் சொன்னால் மருத்துவர் வாயைத் திறக்கவே முடியாது. பிற்பாடு இன்னொரு நூலில் பிளேட்டோ கொஞ்சம் இறங்கி வந்து, உண்மையையும் கேட்பவரின் மனத்தையும் அறிந்தவன் பேசினால் அது கலையாகலாம் என்றார். ஆனால் குற்றச்சாட்டு நின்றுவிட்டது: பேச்சுத்திறன் உண்மையைப் பற்றிக் கவலைப்படாது.

அடுத்த ஐந்நூறு ஆண்டுகளில் பேச்சைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் ஏதோ ஒரு வகையில் இந்தக் குற்றச்சாட்டுக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ‘இலட்சியப் பேச்சாளர்’ என்ற உருவமே அந்தப் பதிலுக்காக உண்டானதுதான் என்பது என் எண்ணம்.

ஏதென்ஸில் பேச்சுப்பள்ளி நடத்திய ஐசோக்ரட்டிஸ் ஒரு நடைமுறைப் பதில் சொன்னார். குரல் வலுவில்லாததால் மேடை ஏறாமல் எழுதியே பேர் வாங்கியவர் இவர். நல்ல பேர் உள்ளவன் சொல்வது எடுபடும். ஆகவே பிறரை இணங்க வைக்க விரும்புகிறவன் நல்ல பேரைச் சம்பாதிக்கப் பார்ப்பான் என்பது அவர் கணக்கு.

அரிஸ்டாட்டில் பிளேட்டோவின் மாணவர். ஆனால் இந்த விஷயத்தில் குருவைப் போலக் கோபப்படவில்லை. எந்த விஷயத்தை எடுத்தாலும் அதில் கேட்பவரை இணங்க வைக்கக்கூடியது எது என்று கண்டறியும் ஆற்றல்தான் பேச்சுக்கலை என்றார். அது தீமைக்கும் பயன்படுமே என்றால், உடல் வலிமையும் செல்வமும் படை நடத்தும் திறனும் அப்படித்தானே! உடம்பால் தன்னைக் காத்துக்கொள்ள முடியாதவன் வெட்கப்பட வேண்டும் என்றால், பேச்சால் காத்துக்கொள்ள முடியாதவன் அதைவிட வெட்கப்பட வேண்டும் என்பது அவர் வாதம். இந்த நெடிய விவாதத்தில் நேர்மையான பதில் இதுதான் என்று நினைக்கிறேன். கலையை நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை.

இணங்க வைக்கும் வழிகளை அவர் மூன்றாகப் பிரித்தார். பேசுகிறவரின் குணம், அதாவது ஈதாஸ். கேட்கிறவரின் உணர்ச்சி, அதாவது பேதாஸ். சொல்லும் விஷயத்தில் உள்ள தர்க்கம், அதாவது லோகாஸ். இன்றைக்கு மேலாண்மை வகுப்புகளில்கூட இந்த மூன்றும் வருகின்றன. அங்கே அடிக்கடி விடுபட்டுப்போவது ஒன்று உண்டு: குணம் என்று அரிஸ்டாட்டில் சொன்னது, ஏற்கெனவே ஊரில் இருக்கும் பேரை அல்ல. பேச்சே அந்த நம்பிக்கையை உண்டாக்க வேண்டும். யூஃபிலிட்டஸ் யாரென்று அந்த நடுவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பூட்டிய கதவுக் கதை முடியும்போது அவர் எப்படிப்பட்டவர் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

தர்க்கத்திலும் அவர் ஒரு நுட்பத்தைக் கவனித்தார். மேடையில் ஒவ்வொரு படியாக அடுக்கிக்கொண்டு போகக்கூடாது, கேட்பவருக்குத் தெரிந்த படியை விட்டுவிட வேண்டும். டோரியஸ் ஒலிம்பிக் போட்டியில் ஜெயித்தான் என்றால் போதும், அங்கே பரிசு இலைக் கிரீடம் என்று சொல்லத் தேவையில்லை, எல்லோருக்கும் தெரியும். விடுபட்டதைக் கேட்பவரே நிரப்பிக்கொள்ளும்போது முடிவு அவருடைய சொந்த முடிவாகிவிடுகிறது. பேச்சு வகைகளையும் அவர் மூன்றாக்கினார்: நடந்ததைப் பற்றி நீதிமன்றப் பேச்சு, நடக்கப்போவதைப் பற்றி மக்கள் சபைப் பேச்சு, இப்போது இருப்பதைப் புகழவோ இகழவோ விழாப் பேச்சு.

மக்கள் சபை எப்படி இருந்தது என்று பார்க்க ஏதென்ஸின் அரசியல் பேச்சாளர் டெமோஸ்தனிஸிடம் போக வேண்டும். வாயில் கூழாங்கல்லைப் போட்டுக்கொண்டு பேசிப் பழகினார் என்ற கதை பலருக்குத் தெரியும். அவரே சொன்ன ஒரு காட்சி அதைவிட நல்லது. கி.மு. 339, ஒரு மாலை நேரம். மாசிடோனிய அரசன் பிலிப் எலாட்டியா நகரைப் பிடித்துவிட்டான் என்று சேதி வருகிறது. சாப்பிட்டுக்கொண்டிருந்த அதிகாரிகள் பாதியில் எழுந்து ஓடுகிறார்கள், சந்தைக் கடைகள் அகற்றப்படுகின்றன. மறுநாள் விடியும்போதே ஊர் முழுக்கச் சபைக் குன்றில் கூடிவிட்டது. “யார் பேச விரும்புகிறீர்கள்?” என்று அறிவிப்பாளர் கேட்கிறார். ஒருவரும் எழவில்லை. திரும்பத் திரும்பக் கேட்கிறார். தளபதிகள் அத்தனை பேரும் அங்கேதான் இருந்தார்கள், வழக்கமாகப் பேசுகிறவர்களும் இருந்தார்கள். அன்று எழுந்தவன் நான், என்கிறார் டெமோஸ்தனிஸ். அவர் தந்த யோசனைப்படி நடந்த போர் தோல்வியில் முடிந்தது. ஆனாலும் கி.மு. 330-இல் அவருடைய அரசியலையே குறிவைத்துப் போட்ட வழக்கில் எதிரி ஏஸ்கினிஸுக்கு ஐந்தில் ஒரு பங்கு வாக்குகூடக் கிடைக்கவில்லை. ஏஸ்கினிஸ் ஊரைவிட்டே போய்விட்டார்.

ரோமுக்கு இந்தக் கலை நல்ல பேரோடு வரவில்லை. கி.மு. 161-இல் பேச்சாசிரியர்களையும் தத்துவவாதிகளையும் வெளியேற்றச் சொல்லி செனட் முடிவெடுத்தது. கி.மு. 155-இல் ஏதென்ஸ் தூதராக வந்த கார்னியாடிஸ் ஒருநாள் நீதியை ஆதரித்தும் மறுநாள் எதிர்த்தும் பேச, இவரைச் சீக்கிரம் ஊருக்கு அனுப்புங்கள் என்றார் ரோமானிய அரசியல்வாதி கிழவர் கேட்டோ. பேச்சாளர் என்பவர் ‘பேசத் தெரிந்த நல்ல மனிதர்’ என்று தன் மகனுக்கு எழுதியவரும் இதே கேட்டோதான். ரோமானியர் கடைசிவரை பிடித்துக்கொண்ட வாசகம் இது.

கிரேக்கர்கள் விட்டுச்சென்றதை ரோமானியர் பாடத்திட்டமாக்கினார்கள். ஓர் உரைக்கு ஐந்து வேலைகள்: சொல்ல வேண்டியதைத் தேடுவது, வரிசைப்படுத்துவது, மொழியில் வடிப்பது, நினைவில் ஏற்றுவது, நிகழ்த்துவது. முதல் மூன்றும் எந்தக் கட்டுரை எழுதுகிறவருக்கும் பழக்கமானவை. நினைவுதான் வினோதம். நன்றாகத் தெரிந்த ஒரு வீட்டை மனத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வோர் இடத்திலும் ஒரு படத்தை மாட்ட வேண்டும். பேசும்போது அந்த வீட்டுக்குள் நடந்துபோனால் போதும். கி.மு. 80-களில் வந்த ஒரு லத்தீன் பாடநூல் எடுத்துக்காட்டும் தருகிறது. சொத்துக்காக விஷம் வைத்த வழக்கா? நோயாளி படுக்கையில் கிடக்கிறார், பக்கத்தில் குற்றவாளி வலது கையில் கோப்பையும் இடது கையில் எழுதுபலகையும் பிடித்து நிற்கிறார் என்று ஒரே படமாக்கு. கோப்பை விஷத்துக்கு, பலகை உயிலுக்கு.

நிகழ்த்துவதில் ரோமானியரின் அக்கறை இன்னும் அதிகம். பேச்சில் முதன்மையானது எது என்று டெமோஸ்தனிஸைக் கேட்டபோது ‘நிகழ்த்துவது’ என்றார், இரண்டாவது எது என்றபோதும் மூன்றாவது எது என்றபோதும் அதையேதான் சொன்னார் என்று அவர்கள் திரும்பத் திரும்ப எழுதினார்கள். ரோமானிய அரசியல் தலைவர் கையஸ் கிராக்கஸ் பேசும்போது பின்னால் ஓர் ஆளை நிறுத்திக் குழல் ஊதச் சொல்வாராம், சுருதி ஏறினாலும் இறங்கினாலும் சரிசெய்ய.

சிசரோ (கி.மு. 106–43) இந்தத் தொழிலின் உச்சம். கி.மு. 55-இல் அவர் எழுதிய உரையாடல் நூலில் இலட்சியப் பேச்சாளர் யார் என்பதுதான் விவாதம். கிராசஸ் என்ற பாத்திரம், சட்டம், வரலாறு, தத்துவம், மனித மனம் என்று எல்லாம் தெரிந்தவனே பேச்சாளன் என்கிறது. அன்டோனியஸ் என்ற பாத்திரமோ, அவ்வளவெல்லாம் எதற்கு, பழக்கம் இருந்தால் போதும் என்கிறது. அதே அன்டோனியஸ்தான் நிஜ வாழ்க்கையில் ஒரு முதிய தளபதிக்காக வாதாடியபோது அவர் சட்டையைக் கிழித்து மார்பில் இருந்த போர்த்தழும்புகளைக் காட்டியவர். நான் அழாமல் அவர்களை அழவைத்திருக்க முடியாது என்கிறார். விளக்குவது, மகிழ்விப்பது, உருக்குவது என்று பேச்சாளருக்கு மூன்று கடமைகளைச் சிசரோ பிற்பாடு வகுத்தார். அவர் கணக்கில் ஜெயிக்க வைப்பது மூன்றாவது.

ஆனால் சிசரோவைப் பெரிய ஆளாக்கிய வழக்கில் அவர் நீளமாகப் பேசவே இல்லை. சிசிலியைச் சுரண்டிய ஆளுநர் வெர்ரஸ் மேல் கி.மு. 70-இல் வழக்கு. ஆதாரம் திரட்ட 110 நாள் அவகாசம் வாங்கிய சிசரோ 50 நாளில் வேலையை முடித்துத் திரும்பினார். அன்றைய முதல்நிலைப் பேச்சாளர் ஹோர்டென்சியஸ் எதிர்த்தரப்பில். இழுத்தடித்து அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோய்விட்டால் நட்பான நீதிபதி வந்துவிடுவார் என்பது அவர்கள் திட்டம். சிசரோ வழக்கமான நீண்ட தொடக்க உரையைத் தூக்கிப் போட்டுவிட்டு, சுருக்கமாகப் பேசி உடனே சாட்சிகளைக் கூப்பிட்டார். தீர்ப்பு வரும் முன்பே வெர்ரஸ் மசீலியாவுக்கு, இன்றைய மார்சேய்க்கு, ஓடிவிட்டான். பேசுவதற்கு வைத்திருந்ததைச் சிசரோ ஐந்து பகுதிகளாக எழுதி வெளியிட்டார். ‘நான் ரோமானியக் குடிமகன்’ என்று கத்தியவனை இத்தாலியைப் பார்த்தபடி சிலுவையில் அறைந்த புகழ்பெற்ற பகுதி அதில்தான் வருகிறது; எந்த நீதிமன்றத்திலும் அது பேசப்பட்டதில்லை. எப்போது பேசக்கூடாது என்று தெரிந்திருப்பதும் இந்தக் கலையில் சேர்த்திதான். பாடநூல்கள் அந்த அத்தியாயத்தை எழுதவில்லை.

கி.மு. 43-இல் மார்க் ஆன்டனியைத் தாக்கிப் பேசியதற்காகச் சிசரோ கொல்லப்பட்டார். அவர் பேசிய அதே மேடையில் தலையையும் கையையும் வைத்தார்கள். அடுத்த ஆண்டு, ஆன்டனி உள்ளிட்ட அதே ஆட்சியாளர்கள் 1,400 பணக்காரப் பெண்கள் மேல் போர்வரி போட்டபோது, எந்த ஆணும் வாதாடத் துணியவில்லை. ஹோர்டென்சியஸின் மகள் ஹோர்டென்சியா பொதுத்திடலில் எழுந்து கேட்டார்: பதவியிலும் ஆட்சியிலும் பங்கில்லாத நாங்கள் ஏன் வரி கட்ட வேண்டும்? பட்டியல் 400 பேராகக் குறைந்தது.

முடியாட்சி நிலைத்த பிறகு வந்தவர் குயின்டிலியன், ஸ்பெயினில் பிறந்தவர். பேரரசர் வெஸ்பேசியன் காலத்தில் அரசுச் சம்பளம் வாங்கிய முதல் பேச்சாசிரியர்களில் ஒருவர். கி.பி. 95 வாக்கில் பன்னிரண்டு பகுதிகளில் பேச்சாளரை உருவாக்கும் கல்வித்திட்டம் எழுதினார். அது தொட்டிலிலிருந்து தொடங்குகிறது: குழந்தை முதலில் கேட்கும் பேச்சு தாதியின் பேச்சு, ஆகவே தாதியின் மொழி சுத்தமாக இருக்க வேண்டும். பிள்ளைகளை அடிக்கக்கூடாது என்கிறார். அது அடிமைகளுக்குத்தான் பொருந்தும் என்று அவர் சொல்லும் காரணம் மட்டும் இன்று நமக்கு உறுத்தும். மேடையில் மேலாடை எப்படி இருக்க வேண்டும் என்பதுவரை எழுதியிருக்கிறார்: தொடக்கத்தில் மடிப்புக் குலையாமல், முடிவை நெருங்கும்போது தோளிலிருந்து நழுவினாலும் பரவாயில்லை.

கேட்டோவின் வாசகத்தைத்தான் அவர் உச்சியில் வைத்தார். நல்லவன் மட்டுமே பேச்சாளனாக முடியும். கெட்டவன் எவ்வளவு நன்றாகப் பேசினாலும் அந்தப் பெயருக்குத் தகுதியில்லை. பிளேட்டோவுக்கு இது முழுமையான பதில் மாதிரித் தெரியும். ஆனால் அதே பகுதியில் சில பக்கம் தள்ளி அவரே ஒரு ஓட்டை போடுகிறார்: நல்ல நோக்கத்துக்காக நீதிபதியிடம் உண்மையை மறைப்பது நல்லவனுக்கும் சில வேளை நேரும். எடுத்துக்காட்டு? கொடுங்கோலனைக் கொல்லச் சதி செய்து மாட்டிக்கொண்டவனை நம் பேச்சாளன் காப்பாற்ற நினைக்கமாட்டானா? இதை எழுதியபோது அரியணையில் இருந்தவர் டொமிஷியன், எதிர்த்தவர்களைத் தீர்த்துக்கட்டியவர். அவருடைய கவிதையை இதே நூலின் வேறோர் இடத்தில் குயின்டிலியன் கூச்சமில்லாமல் புகழ்ந்திருக்கிறார். அந்த இரண்டு பக்கங்களையும் எழுதியது ஒரே கைதான். ‘நல்லவன்தான் பேச்சாளன்’ என்பது ஆசிரியருக்கு நல்ல குறிக்கோள். உலகத்தைப் பற்றிய உண்மையாக அதை எடுத்துக்கொள்ள முடியாது.

அதற்குள் பேச்சு பெரும்பாலும் பயிற்சிக்கூடங்களுக்குள் சுருங்கியிருந்தது. கடற்கொள்ளையர் மகள், கொடிய மாற்றாந்தாய், கொடுங்கோலனைக் கொன்றவனுக்குப் பரிசு என்று கற்பனைத் தலைப்புகளில் நம் பட்டிமன்றம் போல இரு பக்கமும் பேசிக் கைதட்டல் வாங்கினார்கள். பெரும் பேச்சு நெருப்பைப் போல, எரிய விறகு வேண்டும், அமைதியான முடியாட்சியில் அந்த விறகு இல்லை என்று வரலாற்றாசிரியர் டாசிட்டஸின் உரையாடல் நூலில் ஒரு பாத்திரம் சொல்கிறது.

டாசிட்டஸ் அப்படி எழுதினாலும் அவரும் வாதாடப் போனவர்தான். கி.பி. 100 ஜனவரியில் ஆப்பிரிக்க மாகாணத்தைச் சுரண்டிய ஆளுநர் மாரியஸ் பிரிஸ்கஸ் மேல் செனட்டில் வழக்கு, பேரரசர் டிராஜன் தலைமையில். மாகாணத்துக்காக வாதாடியவர்கள் டாசிட்டஸும் குயின்டிலியனின் மாணவர் பிளினியும். பிளினி ஏறக்குறைய ஐந்து மணி நேரம் பேசினார். ஒல்லியான மனிதர் என்பதால் குரலையும் மூச்சையும் பார்த்துக்கொள்ளும்படி பேரரசரே ஆள் விட்டுச் சொன்னாராம். பிரிஸ்கஸ் குற்றவாளி என்று தீர்ப்பானது. அபராதம், ரோமிலும் இத்தாலியிலும் கால் வைக்கத் தடை. ஆனால் மாகாணத்துக்கு என்ன கிடைத்தது? நாடு கடத்தப்பட்ட மாரியஸ் பொழுது சாயும் முன்பே குடிக்க உட்கார்ந்து சுகமாக இருக்கிறான், வழக்கில் ஜெயித்த மாகாணமே, நீதான் அழுதுகொண்டிருக்கிறாய் என்று நையாண்டிக் கவிஞர் ஜுவெனல் எழுதினார்.